டபிள்யூசஸ் சர்வர்: பாதி லேப் கணினிகள் ரிப்போர்ட் அனுப்புவதில்லை, ஃபார்மேட் போடாமல் சரிசெய்ய வழி உண்டா?

லேப் பொறுப்பாளர்

அனைவருக்கும் வணக்கம். ஒரு பொறியியல் கல்லூரியில் கணினி ஆய்வகங்களைக் கவனித்துக்கொள்கிறேன். மூன்று லேப், லேபுக்கு 60 கணினி, எல்லாம் ஒரே டொமைனில் (மையத்திலிருந்து நிர்வகிக்கும் வலையமைப்பில்). விண்டோஸ் அப்டேட்களை எல்லாக் கணினிக்கும் கொடுத்து, எதில் எது ஏறியது என்று கணக்கு வைக்க, கல்லூரிக்குள்ளேயே ஒரு டபிள்யூசஸ் (WSUS) சர்வர் வைத்திருக்கிறோம். முன்பு அது சர்வர் 2012 ஆர்2-வில் இருந்தது. கோடை விடுமுறையில் சர்வர் 2019-இல் புதிதாக நிறுவி, பெயரையும் ஐ.பி.யையும் மாற்றி, எல்லாக் கணினிக்கும் அமைப்புகளை மையத்திலிருந்து அனுப்பும் குரூப் பாலிசியிலும் புது முகவரியைக் கொடுத்துவிட்டோம். பழைய சர்வரை அணைத்தாயிற்று.

முதல் லேபில் நாலைந்து கணினிகளைத் தவிர மற்றவை ஒழுங்காகப் பேசுகின்றன. பிராண்டட் கணினிகள், விண்டோஸ் 11. இரண்டாவது லேப்தான் தலைவலி. எல்லாம் அசெம்பிள் செய்தவை, இதிலும் விண்டோஸ் 11. டபிள்யூசஸின் நிர்வாகத் திரையான கன்சோலில் எந்த நேரம் பார்த்தாலும் இருபது, இருபத்தைந்து பெயர்களுக்கு மேல் வருவதில்லை. அதுவும் ஒரே பெயர்களாக இருப்பதில்லை. காலையில் லேப்2-பிசி14 இருந்த இடத்தில் மதியம் லேப்2-பிசி37 இருக்கிறது, 14-ஐக் காணோம். மூன்றாவது லேப் பழைய விண்டோஸ் 10. அதில் இருபதுக்கு மேற்பட்டவை புது சர்வர் பக்கம் தலையே காட்டவில்லை. சில 'நாட் யெட் ரிப்போர்டட்' (இன்னும் அறிக்கை அனுப்பவில்லை) என்ற நிலையிலேயே நிற்கின்றன.

பிங் போகிறது. இன்டர்நெட் வருகிறது. ஆன்டிவைரஸ் கன்சோலில் எல்லாக் கணினியும் தெரிகிறது. அப்டேட் சர்வீஸை நிறுத்தி, அப்டேட் கோப்புகள் சேரும் சாஃப்ட்வேர்டிஸ்ட்ரிபியூஷன் ஃபோல்டரை அழித்து, மறுபடி ஓடவிட்டுப் பார்த்தேன். அன்றைக்கு வருகிறது, மறுநாள் மறைந்துவிடுகிறது.

அடுத்த மாதம் வெளியிலிருந்து பாதுகாப்புத் தணிக்கைக்கு வருகிறார்கள். எந்தக் கணினியில் எந்த அப்டேட் இருக்கிறது என்று பட்டியல் கேட்பார்கள். பராமரிப்பு ஒப்பந்தக்காரர்கள் 'எல்லாவற்றையும் ஃபார்மேட் போட்டுவிடலாம் சார்' என்கிறார்கள். ஆரக்கிள், மேட்லேப், லைசென்ஸ் எல்லாம் மறுபடி ஏற்றி முடிப்பதற்குள் செய்முறைத் தேர்வு வந்துவிடும். வேறு வழி இருந்தால் சொல்லுங்கள்.

டெஸ்க்டாப் சப்போர்ட்

இரண்டாவது லேப் ஒரே இமேஜிலிருந்து குளோன் செய்ததா? அப்படியானால் சர்வர் கணினியை அடையாளம் காணும் எண்ணான சஸ்கிளையன்ட்ஐடி எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கும். அப்டேட் சர்வீஸை நிறுத்துங்கள். விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஹெச்.கே.எல்.எம், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், கரன்ட்வெர்ஷன், விண்டோஸ்அப்டேட் வரை போய் சஸ்கிளையன்ட்ஐடி, சஸ்கிளையன்ட்ஐடிவேலிடேஷன் இரண்டையும் அழியுங்கள். சர்வீஸை ஓடவிட்டு செட்டிங்ஸில் 'செக் ஃபார் அப்டேட்ஸ்' அழுத்தினால் புது எண் எடுத்துக்கொண்டு சர்வரில் தனியாக வந்து நிற்கும். எங்கள் அலுவலகத்தில் இப்படித்தான் தீர்ந்தது.

லேப் பொறுப்பாளர்

நன்றி சார். ஆமாம், குளோன்தான். எனக்கு முன் இருந்தவர் ஒன்றைத் தயார் செய்து மற்ற 59-க்கும் இறக்கியிருக்கிறார். நேற்று இரண்டு கணினிகளில் நீங்கள் சொன்னபடி செய்தேன். மாலைக்குள் இரண்டும் தனித்தனியாகக் கன்சோலில் வந்தன. சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன். இன்று காலை லேபைத் திறந்து பார்த்தால் இரண்டையும் காணோம். ரெஜிஸ்ட்ரியில் பழைய எண்ணே திரும்ப உட்கார்ந்திருக்கிறது!

வார்டு சர்வர்

ஒரு மருத்துவமனையில் கணினிப் பிரிவில் இருக்கிறேன். வார்டு, ஆய்வகம், மருந்தகம் என்று பல கட்டடங்களில் பரவிய கணினிகளை ஒரே டபிள்யூசஸில் கட்டி மேய்ப்பதுதான் என் அன்றாட வேலை. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு கேள்வி. இரண்டாவது லேபில் ஃப்ரீஸ் போட்டிருக்கிறீர்களா? மாணவர்கள் எதை மாற்றினாலும் ரீஸ்டார்ட் ஆனதும் பழைய நிலைக்குத் திரும்பிவிடுமே, அந்த மாதிரி மென்பொருளைச் சொல்கிறேன். அழித்த ரெஜிஸ்ட்ரி எண் காலையில் திரும்ப வந்து உட்கார்ந்தது என்றால் அதற்கு எனக்குத் தெரிந்து வேறு காரணம் இல்லை. ஃப்ரீஸ் இருக்கும் வரை நீங்கள் பகலில் செய்யும் எந்த வைத்தியமும் இரவோடு இரவாக அழிந்துவிடும். அப்டேட் ஏறினாலும் அழியும். சாஃப்ட்வேர்டிஸ்ட்ரிபியூஷனை அழித்ததும்கூட அப்படித்தான் வீணாகியிருக்கும்.

அந்த ஃபோல்டரைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதை முதல் மருந்தாக எல்லோரும் சொல்கிறார்கள். தயவுசெய்து இனி அதைத் தொடாதீர்கள். ரிப்போர்ட்டிங்ஈவன்ட்ஸ் என்ற லாக் ஃபைல் அதற்குள்தான் இருக்கிறது. அந்தக் கணினி எப்போது தேடியது, எதில் தோற்றது என்பதற்கான சாட்சியே அதுதான். நீங்கள் சாட்சியை அழித்துவிட்டு விசாரணை நடத்துகிறீர்கள். அது மட்டுமல்ல. ஃபோல்டர் காலியானால் அந்தக் கணினி சர்வரிடம் அடுத்த முறை முதலிலிருந்து எல்லாவற்றையும் கேட்கும். ஏற்கெனவே திணறும் சர்வருக்கு அது கூடுதல் பாரம்.

அடுத்து, கன்சோலில் கணினிப் பட்டியலுக்கு மேலே 'ஸ்டேட்டஸ்' என்று ஒரு கட்டம் இருக்கும். திறந்தவுடன் அது 'ஃபெயில்ட் ஆர் நீடட்' என்பதில் நிற்கும். அதாவது, அப்டேட் தேவைப்படும் கணினிகளையும் தோற்றவற்றையும் மட்டும்தான் காட்டும். அதை 'எனி' என்று மாற்றி ரிஃப்ரெஷ் கொடுத்துவிட்டு எண்ணுங்கள். 'காணவில்லை' என்று புகார் வரும் கணினிகளில் சில இந்தக் கட்டத்துக்குப் பின்னால்தான் ஒளிந்திருக்கும்.

அப்புறம், கன்சோலை நம்பி எண்ணாதீர்கள். லேபுக்குள் நடந்துபோய் மேசை வாரியாக ஒரு பட்டியல் எடுங்கள், அதோடு கன்சோல் பட்டியலை ஒப்பிடுங்கள். கன்சோலில் நீங்கள் பார்ப்பது கணினிகள் அல்ல, சர்வரின் டேட்டாபேஸில் உள்ள வரிகள். ஒரு கணினிக்கு இரண்டு வரி இருக்கலாம், இருபது கணினிக்கு ஒரே வரி இருக்கலாம். உங்கள் இரண்டாவது லேபில் நடப்பது இந்த இரண்டாவது வகை. சர்வர் கணினியைப் பெயரால் அடையாளம் காண்பதில்லை, சஸ்கிளையன்ட்ஐடி என்ற அந்த நீண்ட எண்ணால் காண்கிறது. ஒரே ரேஷன் கார்டை வைத்துக்கொண்டு ஒரு தெருவே கடைக்கு வந்தால் என்ன ஆகும்? கடைசியாக யார் வந்தாரோ அவர் பெயர்தான் ஏட்டில் இருக்கும். பிசி14 பேசியதும் அந்த வரியில் 14 என்ற பெயர் விழுகிறது, பிறகு 37 பேசியதும் அதே வரி 37 ஆகிறது. அவை பேசவில்லை என்று நினைக்காதீர்கள். எல்லாம் பேசுகின்றன, ஒரே குரலில்.

வன்பொருள் மாறியிருப்பதைக் கவனித்து விண்டோஸே புது எண் எடுக்க ஓர் ஏற்பாடு உண்டு. டெஸ்க்டாப் சப்போர்ட் சொன்ன இரண்டாவது ரெஜிஸ்ட்ரி மதிப்பு அதற்காகத்தான். ஆனால் அசெம்பிள் செய்த கணினியில் அதை நம்பி இருக்க வேண்டாம். ஒரு காரியம் செய்து பாருங்கள். பவர்ஷெல் என்ற கட்டளைத் திரையில் பயாஸ் (போர்டிலேயே பதிந்திருக்கும் அடிப்படை நிரல்) சீரியல் நம்பரைக் கேளுங்கள். பல போர்டுகளில் 'டு பி ஃபில்ட் பை ஓ.ஈ.எம்' என்ற வாக்கியமே பதிலாக வரும். தயாரிப்பாளர் நிரப்பியிருக்க வேண்டிய இடம் அப்படியே விடப்பட்டிருக்கிறது. அறுபது கணினிக்கும் சீரியல் நம்பர் அந்த ஒரே வாக்கியம் என்றால் ஒன்றை இன்னொன்றிலிருந்து எதை வைத்துப் பிரிப்பது? சொத்துப் பட்டியல் எடுக்கும் மென்பொருள்களுக்கும் இதே இடத்தில்தான் கால் இடறும்.

ஃபார்மேட் வேண்டாம் என்று நான் அடித்துச் சொல்வதற்கு இதுவே காரணம். அதே இமேஜை மறுபடி இறக்கினால் அதே எண் அறுபது கணினிக்கும் மறுபடி போகும். இரண்டு வார வேலை செய்து இன்று நிற்கும் இடத்துக்கே வந்து சேர்வீர்கள்.

இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. உங்கள் லேபில் காலையில் மெயின் சுவிட்சைப் போட்டதும் எல்லாக் கணினியும் ஒன்றாக எழும், இல்லையா? சாதாரணமாக ஒரு கணினி 22 மணி நேரத்துக்கு ஒரு முறைதான் சர்வரைத் தேடும். அதிலும் கொஞ்சம் முன்பின்னாகத் தேடும்படிதான் வைத்திருக்கிறார்கள், எல்லாம் ஒரே நேரத்தில் போய் மோதக் கூடாது என்று. ஆனால் ஃப்ரீஸ் போட்ட கணினிக்கு 'கடைசியாகத் தேடிய நேரம்' ஃப்ரீஸ் போட்ட நாளிலேயே உறைந்து நிற்கிறது. ஒவ்வொரு காலையும் அது எழுந்து, 'ஐயோ, தேடி மாதக்கணக்காகிறதே' என்று உடனே ஓடும். அறுபதும் ஒன்றாக ஓடும்.

அப்போது சர்வரில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். டபிள்யூசஸ் ஓடுவது ஐ.ஐ.எஸ் என்ற வெப் சர்வரின் மேல். அதன் மேனேஜரில் அப்ளிகேஷன் பூல்ஸ் பகுதியில் டபிள்யூசஸ்பூல் என்று ஒன்று இருக்கும். அதன் பிரைவேட் மெமரி லிமிட் நிறுவும்போது 1843200 கே.பி. என்று இருக்கும், ஏறக்குறைய 1.8 ஜி.பி. அந்த வரம்பைத் தொட்டால் பூல் தன்னைத்தானே கலைத்துக்கொண்டு மறுபடி எழும். இது அடுத்தடுத்து நடந்தால் ஒரு கட்டத்தில் நின்றேவிடும். அந்த நேரத்தில் வரும் கணினிக்கு 503 (சேவை இப்போது இல்லை) என்ற பதில் போகும், கணினிப் பக்கம் அது 80244022 என்ற எரராகப் பதிவாகும். காலை ஒன்பதரைக்குச் சர்வர் முன்னால் உட்கார்ந்து அந்தப் பூல் 'ஸ்டார்ட்டட்' என்று இருக்கிறதா, 'ஸ்டாப்ட்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். மதியம் பார்த்தால் யாராவது ரீஸ்டார்ட் செய்து நல்ல பிள்ளையாக ஓடிக்கொண்டிருக்கும்.

மூன்றாவது லேபுக்கு வேறு கதை என்று தோன்றுகிறது. புது சர்வர் பக்கம் வரவே இல்லை என்றால் அவற்றுக்குப் புது முகவரியே தெரியாமல் இருக்கலாம். ஒரு கணினியில் ரெஜிஸ்ட்ரியின் பாலிசீஸ் பகுதியில் விண்டோஸ்அப்டேட்டுக்குக் கீழே டபிள்யூயூசர்வர் என்ற மதிப்பைப் படியுங்கள். பழைய சர்வர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். போர்ட்டையும் பாருங்கள், இப்போதைய டபிள்யூசஸ் 8530-இல் கேட்கும். அந்தக் கணினியிலேயே பிரவுசரில் சர்வர் பெயர், 8530, கிளையன்ட்வெப்சர்வீஸ், கிளையன்ட்.ஏ.எஸ்.எம்.எக்ஸ் என்று போட்டு ஒரு பக்கம் திறக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பிங் போவதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. சர்வருக்கு உயிர் இருக்கிறது என்பதை மட்டும்தான் அது சொல்லும்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ரிப்போர்ட் வராத கணினியைத் தணிக்கைப் பட்டியலில் ஒரு காலி வரியாக என்னால் பார்க்க முடிவதில்லை. 2017 மே மாதம், கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை பரவி இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தபோது, அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச் 14 அன்றே வெளியாகிவிட்டிருந்தது. இரண்டு மாதம் கையில் இருந்தது. அது ஏறாத கணினிகள்தான் மாட்டின. எது ஏறவில்லை என்று தெரியாமல் இருப்பதுதான் எனக்குப் பயம்.

மேலே சொன்னவற்றைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். அதுவரை எதையும் அழிக்காதீர்கள்.

நெட்வொர்க் டெஸ்க்

வார்டு சர்வர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், முதல் லேபின் அந்த நாலைந்து கணினிகளுக்காக. பிரவுசரில் பக்கம் திறக்கும், ஆனால் அப்டேட் மட்டும் போகாது என்றால் பிராக்ஸியை (இணையத்துக்குப் போகும் வழியில் நடுவில் நிற்கும் சர்வர்) பாருங்கள். பிரவுசர் உங்கள் யூசருக்கான பிராக்ஸி அமைப்பைப் பார்க்கிறது. அப்டேட் சர்வீஸ் சிஸ்டம் கணக்கில் ஓடுகிறது, அது பார்ப்பது வின்ஹெச்டிடிபி பிராக்ஸி. இரண்டும் வேறு வேறு. கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினாகத் திறந்து 'நெட்ஷ் வின்ஹெச்டிடிபி ஷோ பிராக்ஸி' கொடுங்கள். 'டைரக்ட் ஆக்சஸ்' என்று வந்தால் நல்லது. ஏதாவது ஐ.பி. வந்தால், உள்ளே இருக்கும் சர்வருக்குப் போக வேண்டியதையும் அது கல்லூரி பிராக்ஸியிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறது. 'ஷோ' இருந்த இடத்தில் 'ரீசெட்' போட்டால் போதும்.

லேப் பொறுப்பாளர்

எல்லோருக்கும் நன்றி. வார்டு சர்வர் சார், நீங்கள் நேரில் வந்து பார்த்த மாதிரி எழுதியிருக்கிறீர்கள். பார்த்ததை அப்படியே சொல்கிறேன்.

ஸ்டேட்டஸை 'எனி' என்று மாற்றியதும் முதல் லேபில் ஒன்று, மூன்றாவதில் நான்கு வெளியே வந்தன. முதல் லேபின் மீதிக்கு நெட்வொர்க் டெஸ்க் சொன்ன பிராக்ஸிதான் காரணம். எப்போதோ யாரோ போட்டது. ரீசெட் செய்ததும் கால் மணி நேரத்தில் வந்துவிட்டன.

இரண்டாவது லேபில் ஃப்ரீஸ் இருக்கிறது. இமேஜோடு சேர்ந்தே வந்திருக்கிறது, அதன் பாஸ்வேர்ட் இருந்த பழைய ரிஜிஸ்டரைத் தேடிக் கண்டுபிடித்தேன். பவர்ஷெல்லில் அறுபது கணினியின் சஸ்கிளையன்ட்ஐடியையும் எடுத்து வரிசைப்படுத்தினேன். 41 கணினிகளுக்கு ஒரே எண். மீதி 19-க்குத் தனித்தனி எண். அவை ஃப்ரீஸ் போடும் முன்பே சர்வரோடு பேசிப் புது எண் எடுத்தவையாக இருக்கலாம். பயாஸ் சீரியல் கேட்டால் நீங்கள் சொன்ன அதே வாக்கியம்.

காலையில் சர்வர் முன்னால் உட்கார்ந்தேன். 9.40-க்கு டபிள்யூசஸ்பூல் நின்றுவிட்டது, என் கண் முன்னாலேயே. மெமரி லிமிட் அதே 1843200. ஒரு கணினியின் லாகில் 80244022 வரிசையாக இருக்கிறது.

மூன்றாவது லேபில் 22 கணினிகளில் டபிள்யூயூசர்வர் இன்னும் பழைய சர்வர் பெயரையே காட்டுகிறது. பாலிசியை உடனே வாங்கச் சொல்லும் ஜிபிஅப்டேட் கட்டளை கொடுத்தால் பாலிசி வரவில்லை, டொமைனின் மைய சர்வரான டொமைன் கன்ட்ரோலரோடு பேச முடியவில்லை என்கிறது. மாணவர்கள் லோக்கல் கணக்கில் நுழைவதால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். இந்த 22-இலும் கடிகாரம் தப்பு. சில 2015 காட்டுகின்றன. சரிசெய்தாலும் மறுநாள் பழையபடி ஆகிவிடுகிறது. இதில் ஃப்ரீஸ் கிடையாது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

வார்டு சர்வர்

தொடர்பு உண்டு, அதுவே காரணம். கடிகாரத்தைக் கவனித்தது நல்ல கண்.

டொமைனில் கணினி தன்னை நிரூபிப்பது கெர்பரோஸ் என்ற அடையாளச் சரிபார்ப்பு முறை வழியாக. டொமைன் கன்ட்ரோலரின் நேரத்துக்கும் கணினியின் நேரத்துக்கும் 5 நிமிடத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் அது மறுத்துவிடும். மறுத்தால் குரூப் பாலிசி வராது. பாலிசி வராவிட்டால் கோடையில் நீங்கள் மாற்றிய முகவரி அந்தக் கணினிக்குப் போய்ச் சேராது. அது பாவம், அணைத்துவிட்ட சர்வரைத் தினமும் தேடிக்கொண்டிருக்கிறது.

கடிகாரம் தினமும் பின்னால் போவதற்குக் காரணம் போர்டில் இருக்கும் சீமாஸ் பேட்டரி. இரவில் மெயின் சுவிட்சை அணைத்தால் போர்டுக்கு ஸ்டாண்ட்பை கரண்ட்கூட இல்லை, கடிகாரம் முழுக்க அந்தப் பேட்டரியில்தான் ஓடும். வருடக்கணக்கில் இப்படி ஓடினால் பேட்டரி சீக்கிரம் தீரும். சிஆர்2032 என்று கேளுங்கள், வாட்ச் கடையிலும் கிடைக்கும். மாற்ற ஸ்க்ரூ டிரைவரும் இரண்டு நிமிடமும் போதும்.

ஆனால் பேட்டரி செத்தாலும் டொமைன் கணினி பூட் ஆன பிறகு டொமைன் கன்ட்ரோலரிடம் நேரம் வாங்கித் தானே திருத்திக்கொள்ள வேண்டும். அது நடக்கவில்லையே, ஏன்? 'டபிள்யூ32டிஎம்' கட்டளைக்குக் குவரி, சோர்ஸ் கொடுத்துப் பாருங்கள். 'லோக்கல் சீமாஸ் கிளாக்' என்று வந்தால் அது யாரிடமும் நேரம் கேட்பதில்லை என்று அர்த்தம். இமேஜ் செய்தவர் வெளி நேர சர்வர் ஒன்றைக் கைமுறையாகக் கொடுத்திருந்து, உங்கள் ஃபயர்வால் யூ.டி.பி. 123-ஐ அடைத்திருந்தால் இப்படி ஆகும். அதே கட்டளையில் சின்க்ஃப்ரம்ஃப்ளாக்ஸ் என்பதை டாம்ஹையர் என்று மாற்றி, அப்டேட் கொடுத்து, டைம் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள். இனி டொமைனிடம் கேட்கும். இரண்டையும் செய்ய வேண்டும். பேட்டரியை மட்டும் மாற்றினால் அடுத்த பேட்டரி தீரும்போது மறுபடி இங்கே வருவீர்கள்.

இரண்டாவது லேபுக்கு வருவோம். முதலில் சர்வர். பூலின் பிரைவேட் மெமரி லிமிட்டை உயர்த்துங்கள். சர்வரில் 16 ஜி.பி. ரேம் இருந்தால் 4 முதல் 8 ஜி.பி. வரை தாராளமாகக் கொடுக்கலாம். 0 போட்டால் வரம்பே இல்லை. க்யூ லெங்த் (எத்தனை கோரிக்கைகள் வரிசையில் காத்திருக்கலாம் என்ற வரம்பு) 1000 இருக்கும், 2000 ஆக்குங்கள். அப்புறம் பாரத்தைக் குறையுங்கள். கிளாசிஃபிகேஷன்ஸில் டிரைவர்ஸ் டிக் ஆகியிருந்தால் எடுத்துவிடுங்கள், பழசாகிப் புதியதால் மாற்றப்பட்ட அப்டேட்களை டிக்ளைன் செய்யுங்கள். இதைச் செய்யாத சர்வரில் ஒவ்வொரு கணினியும் ஆயிரக்கணக்கான செத்த அப்டேட்களையும் சேர்த்து அலசிக்கொண்டிருக்கும். மெமரியைத் தின்பது அதுதான்.

கணினிகளில், அந்த 41-இலும் ஃப்ரீஸை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். எண்ணை அழியுங்கள், சர்வீஸை ஓடவிட்டுத் தேடச் சொல்லுங்கள். கன்சோலில் தனியாக வந்து, நிலை அறிக்கையும் அனுப்பிவிட்டது என்று பார்த்த பிறகுதான் ஃப்ரீஸ் போட வேண்டும். 'கடைசித் தொடர்பு' வந்துவிட்டதே என்று அவசரப்படாதீர்கள். தொடர்பு வேறு, அறிக்கை வேறு. இரண்டுக்கும் நடுவில் ஃப்ரீஸ் போட்டால் அந்த 'நாட் யெட் ரிப்போர்டட்' நிலையிலேயே உறைந்துவிடும். பத்துப் பத்தாகச் செய்யுங்கள். பழைய 'டிடெக்ட்நவ்' கட்டளையை யாராவது சொன்னால் விட்டுவிடுங்கள், விண்டோஸ் 10 வந்ததிலிருந்து அது ஒன்றும் செய்யாமல் திரும்பி வந்துவிடுகிறது. செட்டிங்ஸில் உள்ள பொத்தானே போதும்.

ஃப்ரீஸ் மென்பொருளில் பராமரிப்பு நேரம் என்று ஒன்று வைக்க முடியும். மாதத்தின் இரண்டாவது செவ்வாய் அமெரிக்காவில் அப்டேட் வெளியாகும், நமக்கு அது செவ்வாய் இரவு. அந்த வாரக் கடைசியில் ஒரு நாள் லேபைத் திறந்துவைத்து, ஃப்ரீஸ் இல்லாமல் அப்டேட் ஏற்றி முடியுங்கள். டொமைன் கணினி தன் பாஸ்வேர்டை 30 நாளுக்கு ஒரு முறை தானே மாற்றிக்கொள்ளும் என்பதையும் நினைவில் வையுங்கள். மாற்றிய பிறகு ஃப்ரீஸ் அதைப் பழையதாக்கினால் டொமைனோடு உறவு முறிந்து 'டிரஸ்ட் ரிலேஷன்ஷிப்' எரர் வரும். உங்கள் மென்பொருளில் அதற்கான அமைப்பு இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் அந்த லேபுக்கு மட்டும் பாலிசியில் அந்த மாற்றத்தை நிறுத்திவைக்கலாம்.

அடுத்த முறை இமேஜ் செய்யும்போது, கணினியின் தனி அடையாளங்களை நீக்கும் விண்டோஸ் கருவியான சிஸ்பிரெப்பில் ஜெனரலைஸ் கொடுத்து, எண்ணையும் அழித்துவிட்டு, டொமைனில் சேர்ப்பதற்கு முன் எடுங்கள்.

தணிக்கைக்கு முன் இரண்டு விஷயம். சர்வரில் 2025 அக்டோபர் 23 அன்று டபிள்யூசஸுக்கென்று வந்த அவசர அப்டேட் ஏறியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். வெளியிலிருந்து யார் வேண்டுமானாலும் லாகின்கூட இல்லாமல் சர்வரில் தன் நிரலை ஓடவிடும் அளவுக்கு மோசமான ஓட்டை அது. 8530, 8531 இரண்டும் இன்டர்நெட்டுக்குத் திறந்திருக்கவே கூடாது. அடுத்த விஷயம் மூன்றாவது லேபின் விண்டோஸ் 10. அதற்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. நீட்டிப்பு வாங்காத கணினிக்குப் புதிய பாதுகாப்பு அப்டேட் பொருந்தாது என்பதால் கன்சோல் அதை 'எதுவும் தேவையில்லை' என்று பச்சையாகக் காட்டும். அந்தப் பச்சையைத் தணிக்கையாளரிடம் காட்டி நிம்மதி அடைந்துவிடாதீர்கள். தனிப் பட்டியலாக எடுத்து, எப்போது மாற்றப்போகிறீர்கள் என்று எழுதிக் கொடுங்கள்.

லேப் பொறுப்பாளர்

சார், பூலை மாற்றியதும் இன்று காலை நிற்கவில்லை. 41-இல் முதல் பத்து முடிந்தது, ரீஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டேன், பத்தும் தனித்தனியாக நிற்கின்றன. மூன்றாவது லேபில் சோர்ஸ் கேட்டால் நீங்கள் சொன்ன அதே 'லோக்கல் சீமாஸ் கிளாக்'. பேட்டரிக்குக் கொள்முதல் படிவம் கொடுத்தாயிற்று. மூன்று கணினிகளில் மட்டும் டாம்ஹையர் போட்டுப் பார்த்தேன், நேரம் சரியானது, பாலிசி வந்தது, மூன்றும் கன்சோலில் ஏறிவிட்டன.

கடைசியாக ஒன்று. கன்சோலில் தேவையில்லாத பழைய வரிகள் சேர்ந்துவிட்டன. கிளீனப் விசார்டை ஓடவிட்டு அழித்துவிடலாமா?

வார்டு சர்வர்

ஓடவிடலாம், ஆனால் இப்போது வேண்டாம். அந்த விசார்டு 30 நாளாகத் தொடர்பு கொள்ளாத கணினிகளை அழிக்கும். அறுபதும் ஒழுங்காக வந்து நின்ற பிறகு ஓடவிட்டால் மிஞ்சியிருக்கும் செத்த வரிகள் மட்டும் போகும்.

செமஸ்டர் விடுமுறை முடிந்து லேபைத் திறக்கும் வாரத்தில் அதை ஓடவிடாதீர்கள். ஒரு மாதத்துக்கு மேல் அணைந்திருந்த மூன்று லேபும் மொத்தமாக அழிந்துவிடும். கணினிகள் மறுபடி பேசும்போது தானே திரும்பி வரும், அதில் பயமில்லை. ஆனால் லேப் வாரியாக நீங்கள் கன்சோலில் கையால் குரூப் பிரித்து வைத்திருந்தால் அந்தப் பிரிவு போய், எல்லாம் 'அன்அசைன்ட்' குரூப்பில் வந்து விழும். அந்த குரூப்புக்கு எதையும் அப்ரூவ் செய்திருக்க மாட்டீர்கள், அப்டேட் ஏறாது. குரூப் பெயரைக் குரூப் பாலிசி வழியாகவே கணினிக்குக் கொடுத்துவிடுங்கள், கிளையன்ட் சைட் டார்கெட்டிங் என்று அமைப்பு இருக்கிறது. கன்சோலின் ஆப்ஷன்ஸில் கம்ப்யூட்டர்ஸ் பகுதியிலும் அதற்கு ஏற்ப மாற்ற வேண்டும். குரூப்பைக் கன்சோலில் அதே எழுத்துகளோடு முன்கூட்டியே உருவாக்கி வையுங்கள், இல்லாவிட்டால் பெயர் கொடுத்தும் அன்அசைன்டிலேயே நிற்கும்.